மாமியார் பாட்டு, மருமகள் பாட்டு, மகன் பாட்டு

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இந்த முறை கேள்வி பூச்சியைப் பற்றியும் இல்லை, உரத்தைப் பற்றியும் இல்லை. அவருடைய மாமியார் சின்ன வயதிலிருந்து நடவுக்குப் போனவர். நடவு ஆட்களுக்கு முன்பாட்டு பாடியவர். ஊரில் நடவு இயந்திரம் இறங்கிய பிறகு பாடுவதையே விட்டுவிட்டார். வாசகிக்குப் பிடித்தது ரேடியோவில் கேட்டு வளர்ந்த பழைய சினிமாப் பாட்டு. மகனோ காதில் இயர்போனை மாட்டி, புதுப் பாட்டைக் கேட்டுக்கொண்டே டிராக்டர் ஓட்டுகிறான். ஒருவர் பாட்டு மற்றவருக்குப் பிடிப்பதில்லை. இயந்திரம் வந்ததால் பாட்டு போனது சரிதானா, இதற்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்கிறார்.

விவசாயத்துக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. வயலில் பாட்டு வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. மண்வெட்டி, கதிர் அரிவாள் போல அதுவும் ஒரு வேலைக் கருவி.

மாமியார் பாட்டு

நடவு என்பது குனிந்தபடி பின்னால் நகர்ந்துகொண்டே செய்யும் வேலை. பத்துப் பெண்கள் ஒரே வரிசையில் இறங்கினால், கை வேகம் உள்ளவரும் இருப்பார், புதிதாக வந்த பெண்ணும் இருப்பார். ஒருவர் வேகமாகப் போய், இன்னொருவர் பின்தங்கினால் நடவு கோணலாகும். இடைவெளி கூடும், குறையும். முன்பாட்டுக்காரர் ஒரு அடி பாடுவார். மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். அந்த இழுப்புக்குள் எல்லார் கையும் ஒரே சீராக விழும். 20-க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுர மீட்டருக்கு 50 குத்து என்று வேளாண்மைத் துறை கணக்குச் சொல்கிறது. அளவுகோல் இல்லாத காலத்தில் அந்தச் சீரைக் காத்துத் தந்தவற்றில் பாட்டும் ஒன்று. வெயிலில் முதுகு வலிப்பதை மறக்கச் செய்ததும் அதுதான். வரப்பில் நின்று விரட்டுகிற மேஸ்திரியை நேரில் சொல்ல முடியாததைப் பாட்டில் சொல்லிக் கேலி செய்யவும் அது இடம் கொடுத்தது.

ஆண்கள் வேலையிலும் இப்படித்தான். ஏற்றம் இறைத்த காலத்தில் துலா மேல் ஆள் ஏறி இறங்க, கீழே ஒருவர் சாலைப் பிடித்துக் கவிழ்ப்பார். பிள்ளையாரைக் கும்பிட்டுத் தொடங்கும் ஏற்றப்பாட்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கையோடு வளரும். எத்தனை சால் இறைத்தாகிவிட்டது, எப்போது ஆள் மாற வேண்டும் என்பதைப் பாட்டே சொல்லிவிடும். தண்ணீர் அளக்கும் மீட்டர் அதுதான். "ஏற்றப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை" என்ற பழமொழி இன்றும் இருக்கிறது. மோட்டார் பம்பு வந்ததும் ஏற்றம் போனது; பாட்டும் கூடவே போனது. பாட்டுக்காக யாரும் மோட்டாரை நிறுத்தி வைக்கவில்லை. நிறுத்தச் சொல்வதும் நியாயமில்லை. ஏற்றம் இறைத்தவர்களின் தோளுக்கும் காலுக்கும் கிடைத்த ஓய்வு பெரிது.

நடவு இயந்திரமும் அப்படியே. ஆள் கிடைக்காமல் நாற்று முற்றிப்போவதைவிட, 15 முதல் 18 நாள் பாய் நாற்றை இயந்திரத்தில் நட்டுவிடுவது நல்லது. ஆனால் பாட்டு நின்றதை மட்டும் பேசி, கூலி நின்றதைப் பேசாமல் விடக்கூடாது. அந்த மாமியார் பாடாமல் போனதற்குக் குரல் காரணமல்ல. அவரைக் கூப்பிட்டு வரிசையின் முன்னால் நிறுத்தும் வேலை போய்விட்டது. நாற்பது பேருக்கு நடுவில் அவருக்கு இருந்த மரியாதையும் அந்த வேலையோடு போனது. வீட்டில் உட்கார வைத்து "ஒரு பாட்டுப் பாடுங்கள்" என்றால் வராமல் இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

மருமகள் பாட்டு

ரேடியோ வந்தபோது வயலுக்குப் புதுப் பாட்டு வந்தது. திருச்சி வானொலி நிலையம் 1939-இல் தொடங்கியது. பிற்காலத்தில் ஆடுதுறை 27 நெல்லை அந்த வானொலி வழியாகக் கேட்டு நட்ட தஞ்சை விவசாயிகள் அதை "ரேடியோ நெல்" என்றே அழைத்தார்கள். விவசாயச் செய்தி முடிந்ததும் சினிமாப் பாட்டு வரும். களத்து மேட்டிலும் டீக்கடையிலும் அதற்காகக் கூட்டம் நிற்கும். இலங்கை வானொலியை மாலையில் திருப்பி வைத்த வீடுகளும் அன்று ஏராளம்.

அந்தக் காலப் பாட்டுகளில் உழவர் வீடுகளில் மறக்காதது 1957-இல் வந்த 'மக்களைப் பெற்ற மகராசி' படத்தின் 'மணப்பாறை மாடுகட்டி'. எழுதியவர் மருதகாசி, பாடியவர் டி.எம்.சௌந்தரராஜன், இசை கே.வி.மகாதேவன். இந்தப் பாட்டை ஒரு பயிர் சாகுபடிக் குறிப்பு என்றே சொல்லலாம். எந்த ஊர் மாடு, எந்த ஊர் ஏர் என்று தொடங்கி, உழவு, தழையுரம், நல்ல ஊர் விதை, நடவு, ஏற்றம் இறைப்பு, அறுப்பு என்று வரிசை தவறாமல் போகும். பிறகு மூட்டை வண்டியேறிச் சந்தைக்குப் போகும். வந்த பணத்தைச் சிக்கனம் தெரிந்த அம்மா கையில் கொடுக்கச் சொல்லி முடியும். விதை எங்கே வாங்குவது என்பது முதல் வரவு யார் கையில் இருக்க வேண்டும் என்பது வரை ஒரு பாட்டில் அடங்கியிருக்கிறது.

அடுத்த ஆண்டே, 1958-இல், 'நாடோடி மன்னன்' படத்தில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் இன்னொரு பாட்டு எழுதினார். தரிசாகக் கிடந்த நிலத்தைத் திருத்தி விளைய வைத்தவனுக்கு அந்த விளைச்சலில் என்ன மிஞ்சியது என்று கேட்கும் பாட்டு அது. பட்டுக்கோட்டையை அடுத்த செங்கப்படுத்தான்காட்டில் பிறந்து, வயல் வேலை அறிந்து வளர்ந்தவர் அவர். 1959-இல் மறைந்தபோது வயது 29. முதல் பாட்டு, வந்த பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று சொல்கிறது. இரண்டாவது, பணம் வரவே இல்லையே என்கிறது. இரண்டும் விவசாயி வீட்டில் உண்மை. அதனால்தான் இரண்டும் இன்னும் பாடப்படுகின்றன.

மகன் பாட்டு

புதுப் பாட்டு என்றாலே இரைச்சல் என்று பெரியவர்கள் ஒதுக்குவதும் சரியில்லை. 2021-இல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டை எடுத்துக்கொள்ளலாம். எழுதியவர் அறிவு; தீயும் அவரும் சேர்ந்து பாடினார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டியின் வாழ்க்கையிலிருந்து அறிவு அதை எழுதினார். தாளம் புதிது. உள்ளே இருப்பது பழைய ஒப்பாரியின் குரல், முன்னோர் விட்டுப்போன மண், நிலத்தில் உழைத்தும் நிலமில்லாமல் போனவர்களின் பேச்சு. மன்னார்குடி மாமியார் அதை ஒருமுறை நிதானமாகக் கேட்டால், தன் வயல் பாட்டின் பேரப்பிள்ளை என்றே அதை அடையாளம் கண்டுகொள்ளக்கூடும்.

ஆக, மூன்று பாட்டும் ஒன்றுக்கொன்று பகை இல்லை. உழைப்பவர் யார், பலன் யாருக்கு என்ற ஒரே பேச்சை மூன்று காலத்தில் பேசியவை அவை.

மகன் விஷயத்தில் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டிராக்டர், ரோட்டவேட்டர், களை எடுக்கும் இயந்திரம் எதை ஓட்டினாலும் காதில் இயர்போன் கூடாது. பின்னால் ஆள் கத்தினால் கேட்காது. இயந்திரத்தில் சத்தம் மாறினாலும் தெரியாது. பாட்டு வேலையின் தாளத்துக்கு உதவிய காலம் வேறு. இயந்திரத்தில் இருப்பவருக்கு முதல் பாட்டு அதன் சத்தம்தான். மற்றதை வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்கலாம்.

என்ன செய்யலாம்?

ஏற்றப்பாட்டு முழுதாக அழியாமல் இருப்பதற்குக் காரணம், அதைக் கேட்டு எழுதி வைத்த சிலர். பெர்சி மெக்வீன் என்ற ஆங்கில அதிகாரி திரட்டிய பாட்டுகளை கி.வா.ஜகந்நாதன் பதிப்பித்தார், 'மலையருவி' என்ற பெயரில் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1958-இல் வெளியிட்டது. நா.வானமாமலை 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுத்தார். மதுரையின் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவர் கணவரும் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுகளைச் சேர்த்து மேடையிலும் பாடினார்கள். இன்று அந்த வேலையை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் செல்போனே செய்யும்.

பாடச் சொல்லி உட்கார வைக்காதீர்கள். பாட்டு வேலையோடு பிறந்தது. வேலை நடக்கும் இடத்தில்தான் வரும். இயந்திர நடவு முடிந்த 7 முதல் 10 நாளுக்குள், நாற்று விழாத இடங்களில் கையால் நட்டு நிரப்ப வேண்டியிருக்கும். அன்று மாமியாரையும் அவரோடு பழைய நடவுக்கு வந்த நாலு பேரையும் கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள். முன்பாட்டு தானாக வரும். களை எடுக்கும் நாளிலும் அப்படியே.

பதிவு செய்வதற்கு முன் அவரிடம் கேளுங்கள். பாடியவர் பெயர், ஊர், எந்த வேலைக்கு, எந்தப் பட்டத்தில், யாரிடம் கற்றது என்பதைப் பாட்டு முடிந்ததும் பேசிப் பதிய வையுங்கள். சொற்களைத் திருத்தாதீர்கள். இன்று யாரும் பயிரிடாத நெல்லின் பெயரோ, தூர்ந்துபோன வாய்க்காலின் பெயரோ அதில் இருக்கக்கூடும்.

பாய் நாற்றங்கால் தயாரிக்க ஆட்கள் தேவைப்படுகிறார்கள். பழைய நடவுக் குழுப் பெண்கள் சேர்ந்து அதை எடுத்துச் செய்தால், இயந்திரத்தால் போன கூலியில் ஒரு பங்கு திரும்பி வரும். இதற்கான பயிற்சியை அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்திலும் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் கேட்கலாம்.

வாசகியின் கேள்விக்குச் சுருக்கமான பதில் இது: இயந்திரம் இருக்கட்டும். பாட்டை இந்தப் பட்டத்திலேயே பதிய வையுங்கள். முன்பாட்டுக்காரருக்கு வயது ஏறுகிறது. அடுத்த நடவு வரை தள்ளிப்போட வேண்டாம்.