திரும்பியோரும் திருப்பப்பட்டோரும்

அரசுப் படிவங்கள் மீது எனக்குள்ள பகை இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். 'கீழே கையொப்பமிட்டுள்ள' என்று தொடங்கும் கடிதங்களைக் கிண்டல் செய்ததற்கே ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். போகட்டும். இந்த வார எரிச்சல் மலேசியாவிலிருந்து வந்தது.

கோத்தகிரிப் பக்கத்துப் பையன் ஒருவன் ஜொகூரில் உணவகத்தில் வேலை பார்க்கிறான். விசா காலாவதியாகிவிட்டது. ஆவணம் இல்லாத வெளிநாட்டார் தாமாக முன்வந்து அபராதம் கட்டினால், வழக்கு இல்லாமல் ஊர் போகலாம் என்று அங்கே 2024 மார்ச்சில் ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். பெயர், 'புரோகிராம் ரெபாட்ரியாசி மீக்ரான்'. "மாமா, ரிபேட்ரியேட்னா புடிச்சு அனுப்புறதா, நாமளா போறதா?" என்று போனில் கேட்டான். கூட வேலை செய்யும் மலாய்க்காரருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லையாம். மலாயில் இதற்கு 'ஹந்தார் பூலாங்' என்று கைக்கு அடக்கமான வழக்கு இருக்கிறது. வீட்டுக்கு அனுப்பிவைப்பது. அனுப்புகிறவர் ஒருவர், அனுப்பப்படுகிறவர் ஒருவர் என்பது சொன்னவுடனே விளங்கிவிடும். அதை விட்டுவிட்டு, தந்தை நாடு என்ற லத்தீன் வேரிலிருந்து முளைத்த சொல்லைக் கடன் வாங்கி, வயிற்றுப்பாட்டுக்கு வந்தவன் கையில் கொடுப்பானேன்?

திட்டத்தின் விதிகளைத்தான் இந்த வாரம் விளக்கலாம் என்றிருந்தேன். ஆனால் இவன் என்னைக் கேட்டிருக்கவே வேண்டாம். இவனுடைய அப்பத்தாவைக் கேட்டிருக்கலாம். இலங்கையில் நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, கண்டியில் இந்தியக் கடவுச்சீட்டு வாங்கி, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, நீலகிரிக்கு வந்து கொழுந்து எடுத்தவர். ரிபேட்ரியேட் என்ற அந்த வினைச்சொல் அவர் மேலேயே நடந்து முடிந்தது.

மண்டபம் முகாமை நினைத்தால் எனக்கு ஆறுவதில்லை. இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளைத் தங்கவைத்து, நோய் நொடி பார்த்து அனுப்புவதற்காக இலங்கை அரசு நடத்திய இடம் அது. அவர்களுடைய பேரன் பேத்திகள் காலத்தில் அதே முகாம் இலங்கையிலிருந்து வருகிறவர்களைப் பதிவு செய்தது.

1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அந்தக் கூலிகளின் வழிவந்த மலையகத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அவர்களைப் பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் ஒன்றரை லட்சம் பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் தம்பி வீட்டு நிலத்தைப் பங்கு போடுவதுபோல. நிலத்துக்காவது வேலி உண்டு. இங்கே ஒரே லயத்துக்குள் அக்காள் ஒரு நாடு, தங்கை ஒரு நாடு.

இப்படி வந்தவர்களுக்கு நம் அரசாங்கம் வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. ஆங்கிலத்தில் தந்தை நாடு, தமிழில் தாயகம். பெற்றோர் விஷயத்தில் தகராறு வேண்டாம். என் தகராறு 'திரும்பியோர்' மேல். திரும்புவது தன்வினை, திருப்புவது பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ரிபேட்ரியேட் என்பது செயப்படுபொருள் கேட்கும் வினை. யாரோ யாரையோ அனுப்பியாக வேண்டும். தமிழில் எழுதியவர் 'ப்' போட வேண்டிய இடத்தில் 'ம்' போட்டார். கொழும்பும் டெல்லியும் வாக்கியத்திலிருந்தே எழுந்து போய்விட்டன. அங்கேயே பிறந்து, இந்தியக் கரையைப் பார்த்தே இராதவர்கள், ஏதோ சித்திரைத் திருவிழாவுக்கு ஊர் திரும்பியவர்கள் ஆனார்கள்.

'விண்ணப்பம் எழுதிக் கொடுத்துத்தானே வந்தார்கள்?' என்று தாசில்தார் கேட்பார், பேசினால். கொடுத்தார்கள்தான். 'நீ எங்கள் ஆள் இல்லை' என்று ஒரு நாடு சொல்லிவிட்ட பிறகு இன்னொரு நாட்டின் படிவத்தில் வைத்த கைநாட்டு அது. ஜொகூர்ப் பையனும் 'தாமாக முன்வந்து'தான் அபராதம் கட்டப்போகிறான்.

தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் வனத்துறையின் கீழ் தேயிலைத் திட்டம் ஆரம்பமானது. குன்னூரில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் அப்படி வந்ததுதான். கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடி எல்லாம் இவர்கள் கைபட்டுப் பச்சையான சரிவுகள். ஊட்டிக்கு வந்து தேயிலை நடுவே படம் எடுத்துக்கொள்கிறவர்களுக்கு இது தெரிய நியாயமில்லை. இங்கேயே இருக்கிற பலருக்கும் இவர்கள் இன்றுவரை 'சிலோன்காரங்க'தான். அங்கே 'கள்ளத்தோணி' என்ற பட்டம் கேட்டு வந்தவர்களுக்கு இங்கே இது.

2022இல் நட்டக் கணக்கைக் காட்டி, டான்டீ வைத்திருந்த நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்கே கொடுத்துவிட அரசு முடிவெடுத்தது. தொழிலாளர்கள் போராடினார்கள். அப்போது எல்லோரும் சொன்னது, 'நிலத்தைத் திருப்பி ஒப்படைக்கிறார்கள்' என்று. நிலத்துக்கு என்றால் இலக்கணம் தவறுவதில்லை.

அப்பத்தாவிடம் போன ஞாயிற்றுக்கிழமை பேரனின் கேள்வியைச் சொன்னேன். "புடிச்சு அனுப்புறதா, நாமளா போறதான்னு கேக்குறானா?" என்று சிரித்தார். "பேரு பதிஞ்சாங்க, தேதி வந்துச்சு, சாமான் சட்டியக் கட்டுனோம். இதுல ரெண்டு என்ன இருக்கு?" என்றவர், அபராதம் எவ்வளவு, அதை யார் கட்டுவது என்று விசாரிக்க ஆரம்பித்தார்.