பிரபஞ்சம் விரியும் வேகம் 67ஆ, 73ஆ? தீராத கணக்கும் புதிய சந்தேகமும்

'பெருவெடிப்பே பொய்யா?', 'ஐன்ஸ்டீன் தோற்றாரா?' - இப்படி ஒரு தம்ப்நெய்லாவது கடந்த ஓரிரு ஆண்டுகளில் உங்கள் போனில் வந்து போயிருக்கும். தலைப்பு மிகைதான். ஆனால் அதற்குப் பின்னால் உள்ள சண்டை நிஜம். இரண்டு எண்களுக்கு இடையிலான சண்டை அது: 67, 73.

பிரபஞ்சம் இப்போது எவ்வளவு வேகமாக விரிகிறது என்ற ஒரே கேள்விக்கு வந்த இரண்டு விடைகள் இவை. 32.6 லட்சம் ஒளி ஆண்டு தொலைவில் இருக்கும் ஒரு கேலக்ஸி, விநாடிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் நம்மைவிட்டு விலகுகிறது என்பதுதான் அந்த எண். தூரம் இரண்டு மடங்கானால் வேகமும் இரண்டு மடங்கு. இதற்கு ஹப்பிள் மாறிலி என்று பெயர். (32.6 லட்சம் என்ற விசித்திரமான கணக்கு எதற்கு என்றால், வானியலாளர்கள் பயன்படுத்தும் 'மெகாபார்செக்' என்ற அலகு அவ்வளவு தூரம்.)

ஆறு கிலோமீட்டர்தானே வித்தியாசம், விட்டுத்தள்ளக் கூடாதா? கூடாது. முதல் விடையில் பிழை இருந்தாலும் அரை கிலோமீட்டருக்கு மேல் போகாது என்கிறார்கள் அதைக் கணக்கிட்டவர்கள். இரண்டாவது அணி ஒரு கிலோமீட்டர் என்கிறது. இரண்டு பக்கமும் சொல்வது சரியென்றால், எண்கள் எங்கேயும் தொட்டுக்கொள்ளவே இல்லை. அதோடு, இந்த எண்தான் பிரபஞ்சத்தின் வயதையும் தீர்மானிக்கிறது. இப்போது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும் 1,380 கோடி ஆண்டு என்ற வயது, 67ஐ வைத்து வந்தது. அதே சமன்பாட்டில் 73ஐப் போட்டால் சுமார் 100 கோடி ஆண்டு காணாமல் போய்விடும்.

முதல் கணக்கு: ஆதி ஒளி

பிரபஞ்சம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் வரை எல்லாமே கொதிக்கும் குழம்பு. ஒளியால் அதற்குள் நேராகப் பயணிக்க முடியவில்லை. குழம்பு ஆறி, அணுக்கள் உருவானதும் ஒளி விடுதலையானது. அந்த ஒளி இன்னும் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்துகொண்டே இருக்கிறது. விரிவில் இழுபட்டு நுண்ணலையாகிவிட்டதால் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். நியூஜெர்சியில் ஒரு ஆன்டெனாவில் கேட்ட விடாத இரைச்சல், உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களின் எச்சத்தால்தானோ என்று அதையெல்லாம் துடைத்தெடுத்துப் பார்த்தார்கள் பென்சியாஸும் வில்சனும். இரைச்சல் போகவில்லை. அதுதான் அந்த ஆதி ஒளி என்பது 1965-இல் வெளியானது. 1978-இல் நோபல் கிடைத்தது.

2009-இல் ஐரோப்பா ஏவிய பிளாங்க் செயற்கைக்கோள் அந்த ஒளியை மிகத் துல்லியமாகப் படமெடுத்தது. அதில் தெரியும் நுண்ணிய சூடு-குளிர் புள்ளிகளை வைத்துப் பிரபஞ்சத்தின் சேர்மானத்தையே சொல்லிவிடலாம்: நமக்குத் தெரிந்த சாதாரணப் பொருள் 5 சதவீதம், இருண்ட பொருள் 27 சதவீதம், விரிவை வேகப்படுத்தும் இருண்ட ஆற்றல் 68 சதவீதம். இந்தச் சேர்மானத்தை வைத்து 1,380 கோடி ஆண்டு முன்னோக்கி ஓட்டிப் பார்த்தால் இன்றைய வேகம் 67.4 என்று வருகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளாங்க் இன்றைய வேகத்தை அளக்கவில்லை, கணித்திருக்கிறது. ரயில் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எஞ்சின் திறன் என்ன, எத்தனை பெட்டி என்று தெரிந்துகொண்டு, இப்போது அது இத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் என்று சொல்வதைப் போல. தண்டவாளத்தின் ஓரம் நின்று அளந்தவர் வேறு எண் சொன்னால், யாரோ ஒருவர் தவறு. அல்லது வழியில் ரயிலுக்கு நமக்குத் தெரியாத ஏதோ நடந்திருக்கிறது.

இரண்டாவது கணக்கு: ஏணி

தண்டவாள ஓரம் நின்று அளப்பது சுலபமில்லை. கேலக்ஸியின் வேகம் அதன் ஒளியிலேயே தெரிந்துவிடும், தூரம்தான் தகராறு. வானில் தெரியும் ஒரு புள்ளி, பக்கத்தில் இருக்கும் மங்கலான விளக்கா, தூரத்தில் இருக்கும் பிரகாசமான விளக்கா? எத்தனை வாட் பல்பு என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

அந்த 'வாட்' எண்ணைக் கண்டுபிடித்துத் தந்தவர் ஹென்ரியேட்டா லீவிட். ஹார்வர்டு வானாய்வகத்தில் கண்ணாடித் தகடுகளில் பதிவான நட்சத்திரங்களை எண்ணும் வேலையில் இருந்தவர். செஃபீட் எனப்படும் நட்சத்திரங்கள் சீராகப் பிரகாசித்து மங்கும். எவ்வளவு மெதுவாகத் துடிக்கிறதோ அவ்வளவு பிரகாசமானது என்று 1912-இல் காட்டினார். துடிப்பை எண்ணினால் வாட் தெரியும். வாட் தெரிந்தால் தூரம் தெரியும். பக்கத்து செஃபீட்களின் தூரத்தை, பூமி சூரியனைச் சுற்றும்போது அவை இடம் மாறித் தெரிவதை வைத்து நேரடியாக அளக்கலாம். ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்தால் நீட்டிய கட்டைவிரல் நகர்ந்து தெரியுமே, அதே உத்தி. இது ஏணியின் முதல் படி. செஃபீட் இரண்டாவது படி.

மூன்றாவது படி, வெடிக்கும் வெள்ளைக் குறுமீன்கள். இங்கே சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்து 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சந்திரசேகர், வழியிலேயே போட்ட கணக்கு இது: வெள்ளைக் குறுமீனால் ஓர் எல்லைக்கு மேல் எடையைத் தாங்க முடியாது. சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு என்பது அந்த எல்லை. அதை நெருங்கி வெடிக்கும் 1ஏ வகை சூப்பர்நோவாக்கள் ஏறத்தாழ ஒரே வாட் கொண்டவை. அதனால் பல நூறு கோடி ஒளி ஆண்டுகளுக்கு அப்பாலும் அவை தூரம் சொல்லும் விளக்குகளாகப் பயன்படுகின்றன.

இந்த மூன்று படிகளிலும் ஏறி ஆடம் ரீஸ் குழு 2022-இல் சொன்ன எண்தான் 73.

இதற்கு முன் நடந்த இரண்டு சண்டைகள்

ஏணி இதற்கு முன்பும் ஏமாற்றியிருக்கிறது. 1929-இல் எட்வின் ஹப்பிள் முதன்முதலில் சொன்ன எண் 67-உம் இல்லை, 73-உம் இல்லை, சுமார் 500! அதன்படி பிரபஞ்சத்தின் வயது 200 கோடி ஆண்டுதான். ஆனால் 1940களில் கதிரியக்க முறையில் பூமியின் வயதைக் கணக்கிட்டவர்களுக்கு 300 கோடிக்கு மேல் வந்தது. பிள்ளை அப்பாவைவிட மூத்தவன்!

முடிச்சை அவிழ்த்தவர் வால்டர் பாடே. ஜெர்மானியர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வானியலாளர்கள் போர் வேலைக்குப் போய்விட, எதிரி நாட்டவர் என்பதால் பாடேக்கு அந்த வேலை தரப்படவில்லை. மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கி ஏறக்குறைய அவர் கையிலேயே இருந்தது. கீழே லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் குண்டுவீச்சுக்குப் பயந்து விளக்கணைத்திருந்ததால் வானம் நல்ல இருட்டு. ஆண்ட்ரோமெடா கேலக்ஸியின் நட்சத்திரங்களை அதுவரை யாரும் பார்க்காத தெளிவில் பார்த்தார். கடைசியில் தெரிந்தது இதுதான்: செஃபீட் ஒரு வகை இல்லை, இரண்டு வகை. ஹப்பிள் 40 வாட் பல்புக்கான அட்டவணையை வைத்து 100 வாட் பல்பை அளந்துவிட்டார். 1952-இல் பாடே இதை அறிவித்ததும் பிரபஞ்சத்தின் அளவு ஒரே நாளில் இரட்டிப்பானது. கோட்பாட்டில் தப்பில்லை, அளவில்தான் தப்பு.

இரண்டாவது சண்டை 1990களில். மறுபடியும் வயதுப் பிரச்சினைதான். மிகப் பழைய நட்சத்திரக் கொத்துகளின் வயது 1,400 கோடி ஆண்டுக்குக் குறையாது என்றார்கள். அன்றைய கோட்பாட்டின்படி பிரபஞ்சத்தின் வயதோ 1,000 கோடியைத் தொடவே தடுமாறியது. 'மறுபடியும் ஏணிதான் ஆடுகிறது' என்று பலர் நினைத்தார்கள். ஆனால் 1998-இல் சூப்பர்நோவாக்களை அளந்த இரண்டு குழுக்கள், விரிவின் வேகம் குறையவில்லை, கூடுகிறது என்று கண்டுபிடித்தன. அந்த முடுக்கத்தைச் சேர்த்ததும் வயது 1,300 கோடிக்கு மேல் போனது. நட்சத்திரங்களின் கணக்கிலும் கொஞ்சம் திருத்தம் வர, சண்டை முடிந்தது. இந்த முறை அளவைவிடப் பெரிய ஓட்டை கோட்பாட்டில்தான் இருந்தது. 2011-இல் இதற்கு நோபல் வாங்கிய மூவரில் ஒருவர், இன்று 73 அணிக்குத் தலைமை தாங்கும் அதே ஆடம் ரீஸ்.

அப்படின்னா இன்று நடப்பது பாடே கதையா, 1998 கதையா?

ஜேம்ஸ் வெப் சொன்ன சாட்சி

ஏணியின் மேல் பெரிய சந்தேகம், நெரிசல். தூரத்து கேலக்ஸியில் ஒரு செஃபீடைப் பார்க்கும்போது பக்கத்து நட்சத்திரங்களின் ஒளியும் கலந்துவிடும். பல்பு நிஜத்தைவிடப் பிரகாசமாகத் தெரியும். ஹப்பிள் தொலைநோக்கியைவிடக் கூர்மையான ஜேம்ஸ் வெப் மூலம் ரீஸ் குழு இதைச் சோதித்தது. பழைய அளவு சரிதான் என்று 2024-இல் அறிவித்தது.

ஆனால் அதே வெப்பை வைத்து சிகாகோ பல்கலைக்கழகத்தின் வெண்டி ஃப்ரீட்மேன் குழு செஃபீடுக்குப் பதில் சிவப்புப் பெருமீன்களை விளக்காகப் பயன்படுத்தியபோது கிடைத்தது, சுமார் 70. பிழை அளவைச் சேர்த்தால் இது 67-இலிருந்து அவ்வளவு தூரமில்லை. 73-இலிருந்தும் அவ்வளவு தூரமில்லை. புதிய இயற்பியலைத் தேட இன்னும் அவசியமில்லை என்பது ஃப்ரீட்மேனின் நிலை. இந்தத் துறையில் பல பத்தாண்டுகள் ஊறியவர் சொல்வதால், இதை ஒதுக்கிவிட முடியாது. ஒரே தொலைநோக்கியை வைத்துக்கொண்டு இரண்டு திறமையான குழுக்கள் ஒத்துப்போகாதவரை, '73 உறுதி' என்று சொல்வது அவசரம்தான்.

நடுவில் புகுந்த டெசி

இந்தச் சண்டை முடிவதற்குள் இன்னொன்று கிளம்பிவிட்டது. அமெரிக்காவின் அரிசோனாவில், டொஹோனோ ஓஓதம் பழங்குடியினரின் நிலத்தில் இருக்கிறது கிட் பீக் மலை. அங்குள்ள 4 மீட்டர் தொலைநோக்கியில் பொருத்தப்பட்ட கருவிதான் டெசி. அதில் 5,000 குட்டி ரோபோக்கள், ஒவ்வொன்றும் ஓர் ஆப்டிக் ஃபைபரைப் பிடித்தபடி, ஆளுக்கொரு கேலக்ஸியைக் குறிவைக்கும். சில நிமிடங்களில் அடுத்த 5,000. 2022 ஜூனில் காட்டுத்தீ மலை உச்சிவரை வந்தது. தொலைநோக்கி தப்பியது, வேலை மட்டும் சில மாதங்கள் நின்றது.

டெசியின் அளவுகோல் ஓர் ஒலி. ஆதிக் குழம்பில் பரவிய ஒலி அலைகள், குழம்பு ஆறியதும் அப்படியே உறைந்துபோயின. அதன் தடம் இன்றும் உண்டு: கேலக்ஸிகள் ஒன்றுக்கொன்று சுமார் 50 கோடி ஒளி ஆண்டு இடைவெளியில் இருக்கும் வாய்ப்பு சற்றே அதிகம். அந்த இடைவெளி வெவ்வேறு காலங்களில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று பார்த்தால், விரிவின் வரலாறு கிடைத்துவிடும்.

சுமார் 1.5 கோடி கேலக்ஸிகள், குவேசார்களின் தரவை வைத்து 2025 மார்ச்சில் டெசி சொன்னது இது: ஆதி ஒளி, சூப்பர்நோவா தரவுகளோடு சேர்த்துப் பார்த்தால், இருண்ட ஆற்றல் மாறாமல் இருப்பதாகத் தெரியவில்லை. வலுவிழந்து வருவதுபோல் தெரிகிறது.

எவ்வளவு உறுதி? எந்த சூப்பர்நோவா பட்டியலைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து 2.8 முதல் 4.2 சிக்மா. 3 சிக்மா என்றால், உண்மையில் ஒன்றுமே இல்லாதபோது தற்செயலாக இப்படித் தெரிய சுமார் 370-இல் ஒரு வாய்ப்பு. இயற்பியலில் 'கண்டுபிடிப்பு' என்று அறிவிக்க 5 சிக்மா வேண்டும். அது சுமார் 17 லட்சத்தில் ஒன்று. பட்டியல் மாறினால் எண் இவ்வளவு மாறுகிறது என்பதே உறுத்தலான விஷயம். சூப்பர்நோவா அளவில் ஏதேனும் பிசகு இருந்தால், மொத்தமும் ஆட்டம் காணும்.

5 சிக்மாவைத் தாண்டியும் சறுக்கியவர்கள் உண்டு. 2014 மார்ச்சில், தென் துருவத்தில் இருந்த பைசெப்2 தொலைநோக்கிக் குழு, பிரபஞ்சம் பிறந்த கணத்தின் ஈர்ப்பலைத் தடம் கிடைத்துவிட்டதாக அறிவித்தது. உலகமே கொண்டாடியது. ஓராண்டுக்குள் தெரிந்தது, பெரும்பகுதி நம் கேலக்ஸியின் தூசி. தற்செயல் எவ்வளவு என்றுதான் சிக்மா சொல்லும். கண்ணாடியில் தூசி இருக்கிறதா என்று சொல்லாது.

டெசி சொல்வது சரியாக இருந்தால் என்ன ஆகும்? இருண்ட ஆற்றல் மாறாதது என்றால், தூரத்துக் கேலக்ஸிகள் ஒவ்வொன்றாக நம் பார்வை எல்லையைத் தாண்டி மறையும். முடிவு, குளிர்ந்த தனிமை. வலுவிழந்தால் அந்த முடிவை இப்போதே எழுத முடியாது. இதெல்லாம் பல ஆயிரம் கோடி ஆண்டுக் கதை என்பதால் யாருக்கும் இன்று தூக்கம் கெட வேண்டாம். ஆனால் பிரபஞ்சத்தில் 68 சதவீதம் என்று பாடப்புத்தகத்தில் எழுதியிருக்கும் பொருளின் குணத்தையே தப்பாக எழுதியிருக்கிறோமோ என்ற கேள்வி இன்றைக்கானது.

ஒரு திருப்பமும் உண்டு. டெசியின் விடை 67-73 சண்டையைத் தீர்க்கவில்லை. இருண்ட ஆற்றல் வலுவிழக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால் 67 மேலே ஏறவில்லை. கொஞ்சம் இறங்கவே செய்கிறது. 73-க்கு ஏற்ற வேண்டுமானால், ஆதி ஒளி கிளம்புவதற்கு முன்பே குழம்புக்கு ஒரு கூடுதல் தள்ளல் கிடைத்திருக்க வேண்டும் என்கிறார்கள் சில கோட்பாட்டாளர்கள். அது தொடக்கத்தில் நடந்த கதை. டெசி சொல்வது அண்மைக் காலக் கதை. ஒரே மருந்தில் இரண்டு நோயும் தீர்வதாக இல்லை.

ஒன்று மட்டும் தெளிவு. 67 அணியும் 73 அணியும், பிரபஞ்சம் சூடான, அடர்ந்த நிலையிலிருந்து விரிந்தது என்பதில் ஒரே பக்கம். பெருவெடிப்பு பொய் என்று இரண்டு பேரில் யாரும் சொல்லவில்லை.

ஏணி இல்லாத வழி

ஏணியும் வேண்டாம், ஆதி ஒளியும் வேண்டாம் என்று மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 17 அன்று, 13 கோடி ஒளி ஆண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிய ஈர்ப்பலையை லைகோ, விர்கோ கருவிகள் பிடித்தன. மோதலின் ஒளியும் தெரிந்தது. அலையின் வடிவத்திலேயே தூரம் இருக்கிறது. ஒளி, எந்த கேலக்ஸி என்று காட்டிவிட்டது. வந்த எண் 70. ஆனால் பிழை அளவு 62 முதல் 82 வரை. இரண்டு அணிக்கும் அதில் இடம் உண்டு!

இப்படி இன்னும் சில டஜன் மோதல்கள் கிடைத்தால் இடைவெளி சுருங்கும். ஒளியோடு சேர்ந்து உறுதியாகப் பிடிபட்டது அந்த ஒன்றுதான். மோதல் வானில் எந்தத் திசையில் நடந்தது என்று சரியாகத் தெரிந்தால்தான் தொலைநோக்கிகளைத் திருப்பி ஒளியைத் தேட முடியும்; அதற்கு உலகின் வெவ்வேறு மூலைகளில் கருவிகள் வேண்டும். அவற்றில் ஒன்றாக, மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமையவிருக்கும் லைகோ-இந்தியாவுக்கு மத்திய அமைச்சரவை 2023-இல் ஒப்புதல் கொடுத்தது. அதன் கைகள் ஒவ்வொன்றும் 4 கிலோமீட்டர் நீளம்.