பிள்ளைகள் கையில் இண்டர்நெட்டும் பெரியவர்களின் ஒழுக்கக் கவலையும்

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இண்டர்நெட் கொடுக்கலாமா என்ற பேச்சுக் கிளம்பினால் போதும், நமது ஒழுக்கவாதிகள் "ஐயோ, ஆபாசம்!" என்று காதைப் பொத்திக்கொள்ளுகிறார்கள். ஆபாசம் இருக்கிறதென்பதை நாம் மறுக்க வரவில்லை. குழந்தைகள் கண்ணில் படக்கூடாத கொடூரமான படங்கள் இரண்டு தட்டுத் தட்டினால் வந்து நிற்பதும், அதைக் கண்ட குழந்தை மிரண்டுபோவதும் உண்மையே. ஆனால் இதற்குப் பரிகாரமாக இவர்கள் சொல்லும் மார்க்கம் என்ன? செல்போனைப் பிடுங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதுதான். அதிலும் ஆண் பிள்ளை கையிலிருப்பதை விட்டுவிட்டுப் பெண் பிள்ளை கையிலிருப்பதை மாத்திரம் பிடுங்குவது!

இந்த வாதம் நமக்குப் புதிதல்ல. பெண்ணுக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தால் கள்ளக் காகிதம் எழுதுவாள் என்று இவர்களுடைய பாட்டன்மார்கள் சொன்னார்கள். அந்தப் பேச்சைக் கேட்டிருந்தால் இன்று ஒரு பெண்ணாவது டாக்டராகவோ வாத்தியாராகவோ ஆகியிருக்க முடியுமா என்று கேட்கின்றோம். தேர்களில் செதுக்கியிருக்கும் பொம்மைகளைப் பிள்ளைகளைத் தோள்மீது தூக்கிக்கொண்டு காட்டுகிறவர்களுக்கு அது மாத்திரம் ஆபாசமாய்த் தோன்றுவதில்லை. அது ஒருபுறமிருக்கட்டும்.

நம் விருத்தாசலத்துச் சங்கதியையே எடுத்துக்கொள்ளுவோம். இது பீங்கான் ஊர். செராமிக் தொழிற்பேட்டையில் களிமண் கரைத்து, அச்சில் வார்த்து, சூளையில் சுட்டுக் கூலி வாங்கும் தாய் தகப்பன்மார்கள் இங்கு எத்தனையோ பேர். 1,200 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் எந்தச் சாமான் நிற்கும், எது விரிசல் விடும் என்பது தகப்பனுக்குக் கைப்பழக்கத்தால் தெரியும். ஏன் விரிசல் விடுகிறதென்ற காரணத்தை அவன் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டாமா? இதே ஊரில் அரசாங்கப் பீங்கான் தொழில்நுட்பக் கல்வி நிலையம் இருக்கின்றது. அதில் சேர ஆசைப்படும் பிள்ளைக்கு விண்ணப்பம், உதவித்தொகை, பரீட்சை முடிவு எல்லாம் இன்று இண்டர்நெட் மூலந்தான். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு வீட்டிலேயே எல்லாம் இருக்கிறது. சூளைத் தொழிலாளி பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆகவே "ஆபாசம்" என்று சொல்லி அடைக்கும் கதவு யார் முகத்தில் அடைக்கப்படுகிறதென்பதைத் தோழர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். 2011-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோதும், பையன்கள் கெட்ட படம் பார்ப்பார்கள் என்று பரிகாசம் செய்தவர்கள் உண்டு. தங்கள் சொந்தப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தபோது இவர்களுக்கு அந்தக் கவலை எங்கே போயிற்று?

சரி, ஒரேயடியாய்த் தடுத்துப் பார்ப்போமே என்றால், அதையும் சர்க்கார் செய்து பார்த்தாயிற்று. 2015-ல் 857 தளங்களைத் தடுக்கச் சொல்லிச் சில நாளில் பின்வாங்கினார்கள். 2018-ல் 827 தளங்களைத் தடுத்தார்கள். தடுத்த கடை பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டு அடுத்த தெருவில் திறந்துகொண்டது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாதென்று சட்டம் அமுலாகியிருக்கிறது. அதே மாதத்தில் நமது ஐகோர்ட்டின் மதுரைக் கிளையும் அப்படியொரு சட்டத்தைப் பற்றி மத்திய சர்க்கார் ஆலோசிக்கலாமென்று கூறிற்று. கணக்கு வைப்பதைத் தடுப்பது வேறு, இண்டர்நெட்டையே பறிப்பது வேறு. நம்மூர் வாய்ப்பேச்சு வீரர்கள் இரண்டையும் ஒன்றாய்க் குழப்புகிறார்கள்.

கேரளத்தில் ஒரு கல்லூரிப் பெண்கள் விடுதியில், மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை செல்போனை ஒப்படைத்துவிட வேண்டுமென்று விதி போட்டார்கள். ஒரு மாணவி மறுத்தாள். விடுதியை விட்டு வெளியேற்றினார்கள். அவள் கோர்ட்டுக்குப் போனாள். இண்டர்நெட் பெறும் உரிமை கல்வி உரிமையில் சேர்ந்ததென்று 2019 செப்டம்பரில் கேரள ஐகோர்ட்டு தீர்ப்புச் சொல்லி, அவளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. அந்தப் பெண்ணின் தைரியத்தை நாம் பாராட்டுகின்றோம்.

இனி உண்மையான அபாயம் எது என்று பார்ப்போம். எவனோ ஒரு காலி ஒரு பெண் பிள்ளையின் படத்தை வைத்துக்கொண்டு, சொன்னபடி கேட்காவிட்டால் ஊருக்கெல்லாம் அனுப்புவேனென்று மிரட்டுகிறான். அவள் தாயிடம் சொல்ல வேண்டும். ஏன் சொல்லுவதில்லை? சொன்னால் முதலில் விழுவது அடி. அடுத்தது போன் போகும். அதற்கடுத்தது படிப்புப் போகும். மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். ஆகவே வாயை மூடிக்கொள்ளுகிறாள். அந்த மௌனந்தான் மிரட்டுகிறவனுடைய முதல். இந்த முதலை அவனுக்குப் போட்டுக் கொடுக்கிறவர்கள் யாரென்றால், மானம் மானம் என்று கூவும் இந்தப் பெரியவர்களே! காலி செய்த குற்றத்துக்குப் பெண் தண்டனை அனுபவிக்க வேண்டுமென்பது என்ன நியாயம்? போக்ஸோ சட்டம் 2012 முதல் இருக்கிறது. 1098 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் உதவி கிடைக்கும். இதை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

உடலைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கக் கூடாதென்பதில் இவர்கள் பிடிவாதம் இன்னும் பெரிது. வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை மத்திய சர்க்கார் கொண்டு வந்தபோது, 2007-ல் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் முதலிய மாகாணங்கள் கலாசாரம் கெட்டுவிடுமென்று தடுத்துவிட்டன. வாத்தியார் சொல்லாததை எங்கிருந்து கற்றுக்கொண்டார்கள் பிள்ளைகள்? எந்தப் படங்களைக் கண்டு இவர்கள் பயப்படுகிறார்களோ அவைகளிடமிருந்துதான். 2024 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, குழந்தைகளை வைத்து எடுத்த ஆபாசப் படத்தை வைத்திருப்பது பற்றிய வழக்கில் கண்டிப்பான தீர்ப்பைக் கொடுத்துவிட்டு, பாலியல் கல்வி அவசியமென்றும் எடுத்துச் சொல்லிற்று. தண்டிக்க வேண்டியவனைத் தண்டிக்கவும், பிள்ளைக்கு அறிவு கொடுக்கவும் ஒரே கோர்ட்டு ஒரே தீர்ப்பில் சொல்லுகிறது. நம் ஆட்களுக்கோ இரண்டிலும் சிரத்தையில்லை.

சிறு பிள்ளைகள் உபயோகிக்கும் பள்ளிக் கம்ப்யூட்டருக்கு வடிகட்டி போடுவதை நாம் ஆட்சேபிக்கவில்லை, போடத்தான் வேண்டும். திரை எல்லோரும் பார்க்கும்படி வாசலை நோக்கி இருக்கட்டும், பக்கத்தில் வாத்தியார் இருக்கட்டும். ஆனால் வடிகட்டி பள்ளியின் மதிலோடு நின்றுவிடும். பிள்ளை மதிலைத் தாண்டித்தானே வீட்டுக்குப் போகிறது?

2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்கள்; குழுவில் பாதிப்பேர் பெண்கள். அடுத்த கூட்டத்தில் நமது தாய்மார்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வராமல், கம்ப்யூட்டர் அறையின் சாவி யாரிடம் இருக்கிறது, வாரத்தில் எத்தனை மணி நேரம் அது பிள்ளைகளுக்குத் திறக்கப்படுகிறது, உடலைப் பற்றிய பாடத்தை எந்த வாத்தியார் எந்தக் கிழமை நடத்துகிறார் என்று மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை நோட்டில் எழுதி வாங்கட்டும்.