கடிகாரம் யார் கையில்?

மில் ஒன்றின் ஆண்டு விளையாட்டு விழா. ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்த வாலிபனுக்குக் கோப்பையைக் கொடுத்த மானேஜர், "மைதானத்தில் பறக்கிறீர்கள். ரிங் பிரேமுக்கு முன்னால் மட்டும் கால் ஏன் நகர மறுக்கிறது?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. நமது தோழர்களிலும் சிலர் சிரித்தார்கள். ஆனால் சிரித்துவிட்டுப் போகிற கேள்வியல்ல இது.

இது மானேஜரின் சொந்தச் சரக்கும் அல்ல. அமெரிக்க எஞ்சினீயர் பிரெடெரிக் டெய்லர் 1911-ல் வெளியிட்ட விஞ்ஞான நிர்வாகம் பற்றிய நூலின் தொடக்கத்திலேயே இதை எழுப்பிவிட்டார். விளையாட்டில் உயிரைக் கொடுத்து ஆடும் தொழிலாளி மறுநாள் வேலையில் கையை இழுத்துப் பிடிக்கிறான் என்பது அவரது புகார். டெய்லருக்கு விளையாட்டும் தெரியும். 1881-ல் அமெரிக்க டென்னிஸ் இரட்டையர் பட்டம் வென்றவர் அவர். ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு இரும்புப் பாளம் சுமக்கும் கூலியாளின் பின்னால் நின்றார். நாளுக்கு 12.5 டன் சுமந்தவன் 47.5 டன் சுமந்தான். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆயிற்று. வேலை ஏறக்குறைய நான்கு மடங்கு, கூலி இரண்டு மடங்கு கூட இல்லை! கணக்கு நம்முடையதல்ல, அவரே எழுதியது.

இன்னொரு கடிகாரத்தையும் பார்ப்போம். செக்கோஸ்லோவாகியாவில் தச்சர் ஒருவரின் மகன் எமில் ஸாடோபெக். ஸ்லின் நகரில், நமக்கும் செருப்பு விற்கும் அதே பாட்டா கம்பெனியின் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 1941-ல் கம்பெனி நடத்திய பந்தயத்தில் ஓடும்படி கட்டாயப்படுத்தினார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. ஓடி இரண்டாவதாக வந்தார்.

அதன் பிறகு அவர் தன் ஓட்டத்தைத் தானே ஆராயத் தொடங்கினார். நீண்ட தூரத்தை ஒரே மூச்சில் ஓடிப் பழகுவதுதான் அன்றைய வழக்கம். ஸாடோபெக் அதைத் துண்டு துண்டாக வெட்டினார். 400 மீட்டர் வேகமாக, பிறகு சிறிது தூரம் மெதுவோட்டமாக, மறுபடி 400 மீட்டர். இப்படி 20 தடவை, சில நாட்களில் அதற்கும் மேல். இரண்டு வேக ஓட்டங்களுக்கு நடுவில் மூச்சு திரும்புகிறதே, அந்த இடைவேளையும் பயிற்சியின் பாகம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர், 5,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் எட்டு நாட்களுக்குள் தங்கம் பெற்றார். மாரத்தானை அதற்கு முன் அவர் ஓடியதே கிடையாது!

(1968 நிகழ்ச்சிகளை அடுத்து இவர் ராணுவத்திலிருந்தும் கட்சியிலிருந்தும் நீக்கப்பட்டார். அது பிழை என்பது நமது அபிப்பிராயம். மறைத்து எழுதுவது நமக்கு அழகல்ல.)

ஓய்வு தேவை என்பது டெய்லருக்குத் தெரியாததா? பாளம் சுமப்பவன் நாளில் 43 சதவிகித நேரம் மட்டுமே சுமையோடு இருக்கலாம் என்று அவரே கண்டுபிடித்தார். ஆனால் எப்போது சுமப்பது, எப்போது உட்காருவது என்று உத்தரவிட ஓர் ஆளை நிறுத்தினார். ஸாடோபெக்கின் கடிகாரம் அவர் கையிலேயே இருந்தது. குறைத்த ஒவ்வொரு விநாடியும் அவருடையது. மில்லில் மிச்சமாகும் விநாடி யாருக்குப் போகிறது? அடுத்த மாதமே ஆளுக்கு இன்னொரு பிரேம் என்று திரும்பி வருகிறது. கால் நகர மறுப்பதன் காரணம் இதுதான், மானேஜர் ஐயா!

அதற்காக அளவே வேண்டாம் என்று நமது வாலிபர் சங்கங்கள் சொல்லிவிடக் கூடாது. வெறும் ஆவேசத்தால் கபடியும் ஓட்டமும் முன்னேறாது. வரப்பில் வெறுங்காலோடு ஓடும் விவசாயத் தொழிலாளியின் பிள்ளைக்கும் ஒரு கடிகாரமும் நோட்டுப் புத்தகமும் கிடைக்க வேண்டும். கூடவே மைதானமும், வயிறாரச் சோறும். இவற்றைப் பஞ்சாயத்திடமும் சர்க்காரிடமும் கேட்டு வாங்குவது சங்கத்தின் வேலை.

நோட்டில் ஓடிய தூரம், எடுத்த நேரம் இவற்றோடு முந்திய நாள் எந்த ஷிப்டு, எத்தனை மணி நேரத் தூக்கம், என்ன சாப்பாடு என்பதையும் எழுதச் சொல்லுங்கள். இரவு ஷிப்டு முடித்த உடம்பு எத்தனை விநாடி பின்தங்குகிறது என்று அதில் தெரியும். வேலைப்பளு பற்றி அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லலாம்.