பொங்கத் தெரியாதவனுக்கு வயிறு இல்லையா?

"சமைக்கத் தெரியலன்னா கத்துக்க வேண்டியதுதானே?" இப்படிக் கேட்காத ஆளே கிடையாது. கேட்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு அடுப்பே பத்த வைக்கத் தெரியாதுங்கிறது தனிக்கதை. அவங்களுக்குப் பொங்கிப் போட வீட்டுல ஒரு ஆள் இருக்கு, அவ்ளோதான் வித்தியாசம்.

எங்க சிலமலைப் பக்கத்தையே எடுத்துக்குங்க. ஏலக்காய் சீசன்ல விடியறதுக்கு முன்னாடியே பொம்பளைங்க ஜீப்புல ஏறிடுவாங்க. போடிமெட்டு ஏறி பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் காய் எடுத்துட்டு பொழுது சாயத்தான் திரும்புவாங்க. நடுராத்திரியில எந்திரிச்சு பொங்கி வச்சுட்டுப் போறவங்க உண்டு, முடியாதவங்களும் உண்டு. வீட்டுல மிச்சம் இருக்கிறது யாரு? கண்ணுல புரை விழுந்த அப்பத்தா, கை நடுங்குற தாத்தா, வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன பெரியப்பா. இவங்ககிட்டப் போய் "கத்துக்க"ன்னு சொல்லுவீங்களா? அப்பத்தாவுக்கு நம்ம எல்லாரையும்விட நல்லாவே சமைக்கத் தெரியும். கொதிக்கிற பானையை இறக்கத்தான் முடியல.

இப்ப ரேஷன் கடைக்கு வருவோம். 2011 ஜூன்ல இருந்து அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபா, பாமாயில் லிட்டர் 25 ரூபா. நல்ல திட்டம், குறை சொல்லல. ஆனா பையில இருக்கிற எதையும் அப்படியே வாயில போட முடியாது. வீட்டுல எவளோ ஒருத்தி பொங்குவாங்கிற நம்பிக்கையிலதான் அந்தத் திட்டமே நிக்குது. அவ மலைக்குப் போயிட்டா அரிசி மூட்டையைப் பார்த்துக்கிட்டு உக்கார வேண்டியதுதான்.

சமைச்ச சாப்பாடுன்னா அம்மா உணவகம். 2013ல சென்னையில ஆரம்பிச்சாங்க. இட்லி 1 ரூபா, தயிர் சாதம் 3 ரூபா, சாம்பார் சாதம் 5 ரூபா. அப்புறம் மத்த மாநகராட்சி, நகராட்சி, அரசு ஆஸ்பத்திரின்னு போச்சு. கிராமப் பஞ்சாயத்துக்கு மட்டும் வரல. கிராமத்துல எல்லா வீட்டுலயும் அடுப்பு எரியும்னு எந்தப் புண்ணியவான் முடிவு பண்ணினாரோ!

"அதான் பரோட்டாக் கடை இருக்கே"ம்பாங்க. இருக்கு. தினம் ராத்திரி மைதாவும் சால்னாவும் தின்னா வயிறு ரொம்பும். அறுபது வயசு சுகர்க்காரருக்கு அதுக்குப் பேரு நல்ல சாப்பாடா?

கை, கால் நல்லா இருந்து, சமையல் மட்டும் வராதவங்களுக்கு வழி இருக்குங்க. அவலை அலசிப் பத்து நிமிஷம் ஊற வச்சு தயிரும் வெங்காயமும் போட்டா ஒரு வேளை முடிஞ்சது. தண்ணியைக் கொதிக்க வைக்கத் தெரிஞ்சா முட்டை வேகும். ஒரு முட்டையில 6 கிராம் புரதம். வறுத்த கடலை ஒரு கை, வாழைப்பழம் ரெண்டு. ரைஸ் குக்கர் இருந்தா அரிசி, பருப்பு, கீரை மூணையும் ஒண்ணா போட்டு உப்பைத் தூவி சுவிட்சைத் தட்டுங்க. மணக்க மணக்க குழம்பு வச்சாத்தான் சாப்பாடுங்கிறது நாம கட்டிவிட்ட கதை. உடம்பு தாளிப்பைக் கேட்கிறதில்ல.

ஆனா அந்த சுவிட்சைக்கூடத் தட்ட முடியாதவங்களுக்கு சமைச்ச சாப்பாடுதான் வேணும். காசுக்கு எங்க போறதுன்னு கேட்பீங்க. அடுப்பு ஏற்கனவே எரியுதே சாமி! காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர்ல மதுரையில தொடங்கி, 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்துடுச்சு. கிராமத்துல மகளிர் குழுப் பெண்கள் பள்ளிக்கூடத்துலயே சமைக்கிறாங்க. அதே உப்புமாப் பானையில இன்னும் ரெண்டு கிலோ ரவை சேர்த்தா இருபது கிழடுகட்டைங்க பசியாறும். அந்தப் பெண்களுக்குக் கூலியைக் கூட்டிக் கொடுங்க, ஓசியில செய்யச் சொல்லாதீங்க.

இது வானத்துல இருந்து குதிச்ச யோசனை ஒண்ணும் கிடையாது. எம்.ஜி.ஆர் 1982ல கொண்டுவந்த சத்துணவுல, 1983லயே முதியோர் பென்ஷன் வாங்குறவங்களையும் சேர்த்தாங்க. ஒரு வேளை, பென்ஷன்காரங்களுக்கு மட்டும்னு இருந்ததை விரிச்சாப் போதும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல குடும்பஸ்ரீ பெண்கள் 2020ல இருந்து பஞ்சாயத்துகள்லயே ஜனகீய ஹோட்டல் நடத்தினாங்க, சாப்பாடு 20 ரூபா. 2023ல அரசு மானியம் நின்னதும் 30 ரூபா ஆச்சு. அதுல ஒரு பாடமும் இருக்கு: மானியத்தைப் பாதியில பிடுங்கினா சுமை அந்தப் பெண்கள் தலையிலதான் விழும்.

நம்ம ஊருப் பெண்கள் மலையேறிப் பறிக்கிற ஏலக்காய் போடியில ஏலம் போகுது, உலகம் பூரா டீயில மணக்குது. அவங்க வீட்டுக் கிழவிக்கு மத்தியானம் ஒரு தட்டு சுடுசோறு கிடையாது. இதைக் கேட்க ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2ன்னு கிராம சபை கூடுது. தெருவிளக்கு, சாக்கடையோட சேர்த்து இதையும் ஒருத்தராவது எந்திரிச்சுக் கேளுங்கய்யா. கேட்டு, தீர்மானத்துல எழுத வச்சுட்டு வாங்க.