இரண்டு அங்குல ஆசை

மனாலியிலிருந்து ஸ்பிட்டிக்குக் கிளம்பும் ஜீப் வரிசையில் சில வண்டிகள் நுனிக்காலில் நிற்பதுபோல் தெரியும். ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு இரும்பு வளையம், பெரிய டயர், முன்னால் முரட்டு பம்பர். உயர்த்திய வண்டி கம்பீரமாகத்தான் இருக்கிறது. கிராம்ஃபுவைத் தாண்டி படால்வரை பாறையும் ஓடை நீருமாக நீளும் பாதையில் அந்தக் கூடுதல் இரண்டு அங்குலம் உதவவும் செய்கிறது. அதற்கான விலையை முதலில் கொடுப்பது கண்ணில் படாத ஒரு ரப்பர் உறை.

மெக்கானிக்குகள் அதை 'பூட்' என்கிறார்கள். ஆர்மோனியத்தின் துருத்திபோல மடிப்பு மடிப்பாக இருக்கும். முன்சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள சி.வி. ஜாயின்ட்டுகளை மூடியிருக்கும். உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியே போகக்கூடாது, வெளியே இருக்கும் மணலும் நீரும் உள்ளே வரக்கூடாது. அவ்வளவுதான் அதன் வேலை. சக்கரப் பக்கத்து ஜாயின்ட்டுக்குள் பெரும்பாலும் ஆறு எஃகு குண்டுகள் பள்ளங்களில் உருள்கின்றன. ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினாலும் சுழற்சி தடைபடாமல் சக்கரத்துக்குப் போய்ச் சேருவது இவற்றால்தான். உட்பக்கத்து ஜாயின்ட்டுக்கு இவ்வளவு வளைவு தாங்காது. சக்கரம் ஏறி இறங்கும்போது ஷாஃப்டின் நீளம் கூடிக் குறைவதற்கு இடம் கொடுப்பது அதன் முக்கியப் பணி.

வண்டியை உயர்த்தும்போது சக்கரம் தரையிலேயே இருக்கிறது. பாடியோடு சேர்ந்து டிஃபரன்ஷியல் மேலே போய்விடுகிறது. கிட்டத்தட்ட மட்டமாகக் கிடந்த ஷாஃப்ட் இப்போது சரிவாக இறங்குகிறது. நேரான சாலையில் போனாலும் இரண்டு ஜாயின்ட்டுகளும் வளைந்தே சுழல வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பூட்டின் ஒரு பக்கம் இழுபடுகிறது, மறுபக்கம் நசுங்குகிறது. மடிப்போடு மடிப்பு உரசுகிறது. ஜீப் டயருக்கு இது கிலோமீட்டருக்குச் சுமார் 400 தடவை. ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது வளைவு இன்னும் மோசம். மலைக்குளிரில் ரப்பர் விறைத்திருந்தால் சீக்கிரமே வெடிப்பு விழுகிறது.

இந்தியாவில் இது ஒப்பீட்டளவில் புதிய தலைவலி. பழைய ஜீப்புகளிலும், 1985-இல் வந்த மாருதி ஜிப்ஸியிலும் முன் அச்சு ஒரே இரும்புக் குழாய். சக்கரத்தோடு டிஃபரன்ஷியலும் அந்த அச்சிலேயே இருக்கும். பட்டை ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடிதான் மேலே போகும். அச்சுக்குள் ஓடும் ஷாஃப்டின் கோணம் மாறாது. சக்கரப் பக்கத்து ஜாயின்ட்டும் மூடிய இரும்புக் கூட்டுக்குள் பத்திரமாக இருக்கும். (நடு ஷாஃப்டின் யுனிவர்சல் ஜாயின்ட்டுகள் அவதிப்படும். அது வேறு கதை.) ஹரியானாவின் மண்டி டப்வாலி போன்ற ஊர்களில் ஜீப்பை வாட்டசாட்டமாக மாற்றிக் கொடுக்கும் பட்டறைத் தொழில் வளர்ந்தது இந்த வகை வண்டிகளை வைத்துத்தான். 2023-இல் வந்த ஜிம்னியும் ஒற்றை அச்சு வண்டியே. ஆனால் 2010-இன் தாரிலும், 2020-இல் வந்த அடுத்த தாரிலும் முன்சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷனில் இயங்குகின்றன. தார்ச்சாலையில் சுகமாகப் போவதற்கு அதுதான் காரணம். பூட் வெளியே தெரிவதற்கும் அதுதான் காரணம். பழைய ஜீப்பின் கணக்கை இதில் போடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கிழிசலைக் கண்டுபிடிப்பது எளிது. முன்சக்கரத்தின் உட்புறத்திலும் பக்கத்து இரும்புகளிலும் கருப்பு கிரீஸ் வட்டமாகத் தெறித்திருக்கும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கையால் மெல்லச் சுற்றி, மடிப்புகளின் அடிப்பள்ளத்தைப் பார்க்க வேண்டும். வெடிப்பு தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். கிரீஸ் தெறித்திருந்தும் சத்தம் இல்லையென்றால் வண்டிக்காரர் அதிர்ஷ்டசாலி. ஷாஃப்டைக் கழற்றி, பழைய கிரீஸை முழுதும் துடைத்தெடுத்து, குண்டுகளிலும் பள்ளங்களிலும் பொத்தல் இல்லையென்று உறுதி செய்துகொண்டு, புது கிரீஸ், புது பூட், புது கிளாம்ப் போட்டால் போதும். கிரீஸ் என்றால் எதுவும் ஆகாது. மாலிப்டினம் கலந்த சி.வி. கிரீஸ்தான் வேண்டும், அதுவும் பாக்கெட்டில் வந்த அளவு. பழைய கிளாம்பை முறுக்கித் திரும்பப் போடும் சிக்கனம், சில நாளில் மறுபடி கிரீஸைத் தெறிக்கவிடும்.

திருப்பத்தில் 'டக்... டக்...' என்று கேட்க ஆரம்பித்துவிட்டால் மணல் உள்ளே போய் வேலையைக் காட்டிவிட்டது என்று பொருள். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது வண்டி நடுங்கினால் உட்பக்கத்து ஜாயின்ட்டைச் சந்தேகிக்கலாம். இந்த நிலையில் புது பூட் மட்டும் போடுவது வீண் செலவு. ஜாயின்ட்டையோ முழு ஷாஃப்டையோ மாற்றியே ஆக வேண்டும்.

நடுவழியில் கிழிந்தால்? அழுக்கைத் துடைத்து, சைக்கிள் டியூபைப் பிளந்து சுற்றி, பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம். தண்ணீரில் இறக்கக்கூடாது, வேகம் கூடாது. டூ வீல் டிரைவில் ஓட்டினால் முன் ஷாஃப்டுக்கு என்ஜின் சுமை வராது. நீளவாக்கில் பிளந்து ஒட்டும் பூட்டுகள் கடையில் கிடைக்கின்றன. ஷாஃப்டைக் கழற்றாமலே மாட்டலாம் என்பது அவற்றின் கவர்ச்சி. ஆனால் ஒட்டிய இடத்தில் துளி கிரீஸ் பட்டிருந்தாலும் விட்டுவிடும். தற்காலிகத்துக்குச் சரி, அடுத்த பயணத்துக்குச் சரியல்ல.

ஒரே பக்கத்தில் இரண்டாவது முறை கிழிந்தால் ரப்பரைத் திட்டிப் பயனில்லை. கோணத்தைச் சரி செய்ய வேண்டும். டிஃபரன்ஷியலைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பொருத்தும் பிராக்கெட் சில வண்டிகளுக்குக் கிடைக்கிறது. அதைப் போட்டால் அடியில் கிடைத்த இடைவெளியில் ஒரு பகுதி போய்விடும், அதாவது எதற்காக உயர்த்தினார்களோ அதுவே குறையும். இல்லாவிட்டால் வளையத்தைக் கழற்றி உயரத்தைக் குறைக்கலாம். பட்டறைக்காரர்களுக்குப் பிடிக்காத யோசனை இது. பெரும்பாலான வண்டிகளுக்கு நல்ல யோசனையும் இதுதான்.

சட்டமும் இதற்கு எதிராக இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறை அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது. உயர்த்திய வண்டியின் ஷாஃப்ட் போய்விட்டதென்று வாரண்டி கேட்டுப் போகிறவரிடம் சர்வீஸ் மேனேஜர் கேட்கும் முதல் கேள்வி அந்த வளையத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

பம்பருக்கும் விளக்குக்கும் தாராளமாகச் செலவழிக்கிறவர்கள், வண்டிக்கேற்ற ஒரு பூட் கிட்டையும் சர்க்ளிப் பிளையரையும் பையில் போட்டுக்கொள்ளலாம். காஸாவில் மெக்கானிக் கிடைத்துவிடுவார். உதிரிபாகம் வெளியிலிருந்துதான் வரவேண்டியிருக்கும். குன்சும் கணவாயைப் பனி மூடிவிட்டால் அதுவும் கின்னௌர் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும்.