வேலியோரத்து விருந்து

ஐப்பசி மழை நெடுங்கேணி மண்ணை நனைத்து இரண்டு வாரம் கழிந்தபின், நேயர்கள் தத்தம் வளவின் எல்லையை ஒருமுறை சுற்றி நடந்து பார்த்தல் நன்று. முன்னர்ப் புழுதியும் சருகுமாய்க் கிடந்த நிலத்திலே சாரணை படர்ந்திருக்கும். அதனருகே திராய் தலைகாட்டும். கிளுவைக் கதியாலைப் பற்றிக்கொண்டு முசுட்டைக் கொடி புதுத்தளிர் விட்டு ஏறும். சற்றுத் தள்ளிக் குறிஞ்சாவும், முள்ளோடு தூதுவளையும் நிற்கும். இவற்றை எவரும் விதைத்ததில்லை. எவரும் நீர் இறைத்து ஊற்றியதுமில்லை. ஆயினும் நம் பாட்டிமார் மாரிகாலத்து மரக்கறியிற் பாதியை இவ்வேலியிலேதான் பறித்தனர்.

முசுட்டையிலை வறையை அறியாதார்க்கு அதனை எழுத்திற் சொல்லி விளக்குவது சிரமமே. எனினும் முயல்வோம். தளிரிலைகளை மாத்திரம் பறித்துக் கழுவி, நீர் வடிந்தபின் மயிரிழைபோல் அரிதல் வேண்டும். அரிவதிலேதான் பாகம் இருக்கிறது; தடித்து அரிந்தால் வறை சவசவத்துப்போம். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சட்டியில் வதங்கிய பின்னர், இலையை இட்டு இரண்டொரு நிமிடம் கிளறித் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்து இறக்கிவிடலாம். தேசிப்புளி விடுவதாயின் அடுப்பினின்றும் இறக்கிய பின்னரே விடுக. குறிஞ்சாவோ கைப்புடையது. அதற்குப் பருப்பும் முதற்பாலும் துணை வேண்டும். பிள்ளைகள் முதலில் முகஞ்சுளிப்பர். மூன்றாம் முறை தாமாகவே கேட்பர் என்பது நமது அனுபவம்.

தேங்காய்ப்பூவும் பாலும் சுவைக்காக மட்டும் சேர்ந்தவையல்ல. பச்சிலையில் உள்ள கரோட்டீன் என்னும் பொருளை நமது உடல் உயிர்ச்சத்து ‘ஏ’ ஆக மாற்றிக்கொள்ளுகிறது. அப்பொருள் குடலில் நன்கு உறிஞ்சப்படுவதற்குக் கொழுப்பு அவசியம். இரசாயனம் கல்லாத நம் முன்னோர் இலைக்கறிக்குத் தேங்காயைச் சேர்த்தது, இன்றைய போஷாக்கு நூலார் கூறுவதோடு மிகப் பொருந்துகின்றது.

இனிப் பருவத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்னும் பழமொழியை நம் மாணாக்கர் கட்டுரைதோறும் எழுதுகின்றனர். பழமொழி நல்லதுதான், ஆனால் அது பிறந்தது தமிழ்நாட்டிலே. காவிரியில் புதுவெள்ளம் பெருகும் ஆடி மாதத்தில் நமது வன்னியில் வீசுவது சோளகக் காற்று. தென்மேற்குப் பருவக்காற்றானது தன் நீரையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவிலே சொரிந்துவிட்டு, வெறுங்கையோடு நம்மிடம் வருகிறது. குளம் வற்றி, கிணறு அடிகாட்டும் காலம் அது. அக்காலத்தில் வானத்தை நம்பி விதைத்தவன் விதையையும் இழப்பான். நமக்குரிய பட்டம் புரட்டாதிக் கடைசியும் ஐப்பசியுமே. வாடைக்காற்றோடு வரும் மழையில் விதைத்து, மார்கழியிலும் தையிலும் பறித்து உண்பதே இப்பிரதேசத்து முறை.

இஃது ஏட்டுக்கல்வி பற்றிய விவகாரம் மட்டுமன்று. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது; அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்ந்தது. ஆனால் விளைச்சல் குன்றிய தீங்கு தடையோடு போய்விடவில்லை. அடுத்த ஆண்டு நாட்டில் அந்நியச் செலாவணி அற்றுப்போய், எரிபொருளுக்கு இரவு பகலாக வரிசையில் நின்றோம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பொருள்களின் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. அதாவது ஓராண்டுக்கு முன் நூறு ரூபாவுக்கு வாங்கிய பண்டத்திற்கு ஏறத்தாழ இருநூறு ரூபா கொடுக்க நேர்ந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், அரசாங்க உத்தியோகத்தர் வீட்டுத்தோட்டம் செய்யும்பொருட்டு வெள்ளிக்கிழமைகளில் மூன்று மாதத்திற்கு விடுமுறை வழங்க அரசாங்கம் தீர்மானித்தது.

நோக்கத்தில் நாம் குறை காணவில்லை. ஆனால் ஆனி மாதத்து வெள்ளிக்கிழமையில் நெடுங்கேணியில் எதனை நடுவது? மண் இரும்பாய்க் கிடக்கிறது. நீரிறைக்கும் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் இல்லை. கொழும்பிலும் காலியிலும் மழை பெய்யும் மாதத்தைக் கொண்டு நாடு முழுவதற்கும் நாட்காட்டி எழுதினால் இப்படித்தான் முடியும். அந்த நாட்களில் நம்மூரில் எவர் வீட்டு அடுப்பு ஓரளவேனும் தடையின்றி எரிந்தது என்று எண்ணிப் பார்க்கிறோம். முந்திய ஐப்பசியில் மரவள்ளித் தடி ஊன்றியிருந்தவர். கிணற்றடியில் வாழையும், வாசலில் முருங்கையும் வைத்திருந்தவர். தையில் வெட்டிய பூசணிக்காயைப் பரணிலே அடுக்கியிருந்தவர். இடர் வந்தபின் தொடங்கும் தோட்டம் அந்த இடருக்கு உதவுவதில்லை.

வன்னி மக்களுக்கு இது புதிய பாடமும் அன்று. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய காலத்தில், மிளகாயும் வெங்காயமும் இம்மாகாணத்து விவசாயியின் கையில் காசு சேர்த்தன. விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களில் படித்த வாலிபர்கள் மண்வெட்டி பிடித்ததும் அக்காலத்தையொட்டியே. 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அச்செழிப்புச் சரிந்தது. 1990க்குப் பின்னரோ, பொருளாதாரத் தடையின்கீழ் உரமும் எரிபொருளும் வருவது அருகிய ஆண்டுகளில், வளவில் விளைந்ததே பல குடும்பங்களின் உணவாயிற்று. சந்தைப் பயிர் விலையோடு எழுந்து விலையோடு வீழும். வளவுப் பயிருக்கு அந்தக் கவலை இல்லை.

இத்தகைய அனுபவத்தையுடைய ஊரிலே அண்மையில் நாம் கண்ட காட்சி ஒன்று. வகுப்பறை மேசையில் பத்து வகை இலைகளைப் பரப்பி, இவற்றின் பெயர் என்னவென்று மாணாக்கரைக் கேட்டோம். முருங்கையையும் வல்லாரையையும் எல்லாரும் சொன்னார்கள். பொன்னாங்காணியைச் சிலர் சொன்னார்கள். முசுட்டைக்கு வந்தபோது வகுப்பு மௌனமாயிற்று. பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை மட்டும் எழுந்து, மீதி அனைத்தையும் ஒன்றொன்றாய்ச் சொல்லி முடித்தாள். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, “அம்மம்மா வீட்டு வேலியில உதெல்லாம் நிண்டது, சேர். மதில் கட்டேக்க வெட்டிப்போட்டினம்” என்றாள்.

அப்பிள்ளை ஒரு வசனத்தில் சொன்னதை விரித்துரைப்பதே இவ்வாரக் கட்டுரையின் நோக்கம் எனலாம். 2009இல் போர் முடிந்து, இடம்பெயர்ந்தோர் மீண்டும் வந்து குடியமர்ந்த காலத்தில், வளவுகள் பற்றைக்காடாய்க் கிடந்தன. தலையிழந்த தென்னைகள் நின்றன. கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்க வேண்டியிருந்தது. அன்று நட்ட தென்னையும் மாவும் இன்று காய்க்கின்றன. கல்வீடுகள் எழுந்தன, அது பெருமகிழ்ச்சிக்குரியதே. வீடு எழுந்து கையிற் சிறிது பணமும் சேர்ந்ததும், அடுத்த வேலை மதில் என்றாயிற்று. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் தறிக்கப்பட்டன. அவற்றைப் பற்றி ஏறிய கொடிகளுக்குப் பற்றுக்கோடு இல்லாமற்போயிற்று. வேலியோரத்துக் குழை எருவாகித் தோட்டத்துக்குப் போனது நின்றது. முற்றத்துக்குச் சீமெந்து போட்டபின் சாரணை முளைக்க இடமேது?

மதில் வேண்டாவென்று நாம் கூறவில்லை. கட்டாக்காலி மாடும் ஆடும் நுழையாதிருக்க மதில் உதவும். கதியால் போட்டு வேலி அடைக்க ஆள் கிடைப்பதும் இக்காலத்தில் அருமை. முன்புறத்தில் மதில் எழட்டும். பின்புறத்திலே கிணற்றடியை அண்டி, இருபது முழ வேலியையேனும் விட்டு வையுங்கள் என்பதே நமது வேண்டுகோள். வேலியே இல்லாதவர், மதிலோரமாய் நான்கு கதியால் ஊன்றிக் கம்பி கட்டினாலும் முசுட்டை மறுக்காமல் ஏறும். தண்டை வெட்டி நட்டாலே அது பிடித்துக்கொள்ளும்.

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து நமது கடைக்கு வந்து சேரும் கரட்டும் லீக்ஸும் கோவாவும் நல்ல மரக்கறிகளே. ஆனால் அவை மலைநாட்டிற் பிடுங்கப்பட்டு, தம்புள்ளையில் கைமாறி, மீண்டும் லொறியேறி, நம் சட்டிக்கு வருகையில் நாட்கள் சில கழிந்திருக்கும். பச்சிலை வாடத் தொடங்கியதும் அதிலுள்ள உயிர்ச்சத்து ‘சி’ விரைந்து குறைகிறது. நமது வெப்பத்தில் இன்னும் விரைவாகக் குறைகிறது. சோளன் பொத்தியில் இதனை நாவினாலேயே அறியலாம். பறித்த கணமுதல் அதன் சர்க்கரை மாப்பொருளாக மாறத் தொடங்கும். மார்கழியிலே பானையில் நீரைக் கொதிக்கவைத்துவிட்டுப் பின்னர் தோட்டத்துக்குப் போய்ப் பொத்தி முறித்து வருபவரே அதன் முழு இனிப்பையும் அனுபவிப்பவர்.

மார்கழி கடந்தால் விருந்து பெருகும். தையில் பச்சைக் கச்சானைப் பிடுங்கி மண்போகக் கழுவி, உப்பிட்டு அவித்தால், பானையைச் சுற்றி வீடே கூடிவிடும். புதிய உழுந்து களத்துக்கு வரும், பனங்கிழங்கு கிண்டப்படும். கத்தரியும் பயிற்றையும் வெண்டியும் இக்காலத்தில் நாளுக்கொரு கைப்பிடி தரும். கத்தரிக்காயைக் காம்போடு பறித்த அன்றே பால்கறி வைத்துப் பாருங்கள். மூன்று நாள் கடையிற் கிடந்த காயில் அந்த மென்மை இராது. பங்குனி, சித்திரையில் வேம்பு பூக்கும். பூவை விரித்த துணியில் உதிர்த்தெடுத்து, உழுந்தும் வெங்காயமும் மிளகாயும் கூட்டி வடகம் தட்டிக் காயவிட்டால், மரக்கறி அருகிய சோளகக் காலத்துக்கு அது கைகொடுக்கும். கோடையின் கொடைகளிலே முருங்கைக்காய், மாங்காய், பலா என்பவற்றை யாவரும் அறிவர்.

ஆனால் வன்னிக்கே உரிய கோடைக்கனி பாலைப்பழம். வைகாசி தொடங்கி ஆடிவரை, மஞ்சள் மணிகளாய்க் காட்டில் உதிரும். அதன் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும்; அந்த ஒட்டலும் சுவையின் ஒரு பகுதியென்றே நாம் கருதுகிறோம். பழத்தைப் பிழிந்து காய்ச்சிப் பாணியாக்கிப் போத்தலில் அடைத்து வைப்போரும் உளர். யாழ்ப்பாண வீதியோரத்தில் இதனை விற்றுப் பிள்ளைகளின் கொப்பிக்குப் பணம் தேடும் குடும்பங்களையும் காண்கிறோம். பழத்துக்காகக் கொம்பையே தறித்து வீழ்த்தும் வழக்கம் மாத்திரம் நமக்கு உடன்பாடன்று. பாலை மிக மெதுவாக வளரும் மரம். தறித்த கொம்பு மறுபடி காய்க்கக் காண்பதற்குத் தறித்தவனுக்கு ஆயுள் போதாமற்போகலாம்.

தோட்டத்தைப் பற்றி எழுதும்போது குரங்கைப் பற்றி எழுதாமலிருந்தால் வாசகர் நம்மைச் சும்மா விடார். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து ஐந்து நிமிடம், நாடெங்கும் குரங்கு, மயில் முதலியவற்றை எண்ணினார்கள். நம் வளவுக்கு வரும் குரங்குகள் அந்த ஐந்து நிமிடம் எங்கே இருந்தனவோ அறியோம்! எண்ணி முடித்தபின்னும் அவை வந்தவண்ணமே இருக்கின்றன. பலாவும் மாவும் இளநீரும் அவற்றின் கைப்பட்டே நமக்கு மிஞ்சுகின்றன. ஆனால் கைப்பான குறிஞ்சாவையும், முள்ளுடைய தூதுவளையையும், மண்ணுக்குள் இருக்கும் இராசவள்ளியையும் அவை பெரிதும் நாடுவதில்லையென்பதை நாம் கவனித்திருக்கிறோம். காட்டோரத்தில் வாழ்வோர் நடுவதற்கு இவையே ஏற்றவை. யானை வரும் எல்லைக்கிராமங்களின் நிலையோ வேறு. அங்கே வாழை நடுவது யானைக்கு அழைப்பு விடுவதற்கு ஒப்பாகும்.

விதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் உறையிட்டு விற்கும் கலப்பின விதை முதற்போகத்தில் மிகக் காய்க்கும். அதன் விதையை எடுத்து மறுவருடம் இட்டால் தாயைப்போற் பிள்ளை வராது. ஊர்க் கத்தரி, ஊர்ப் பயிற்றை, சிறகவரை என்பன அப்படியல்ல. நல்ல செடியில் முதலிலே தோன்றிய ஒழுங்கான காயைப் பறியாமல் முற்றவிட்டு, நூல் கட்டி அடையாளமிடுங்கள். உலர்ந்தபின் விதையைச் சாம்பலிற் பிரட்டிப் போத்தலில் இட்டு இறுக மூடுக. சுரை விதையை அக்காலத்தார் அடுக்களைப் புகையில் தொங்கவிட்டனர். எரிவாயு அடுப்புள்ள இக்காலத்துக்கு அவ்வழி பயன்படாது.

மேற்சொன்ன பிள்ளையின் வகுப்பார், தீபாவளி விடுமுறைக்கு முன்பாக ஆளுக்கொரு முசுட்டைத் தண்டோ தூதுவளைக் கன்றோ தேடிக் கொண்டுவர இசைந்துள்ளனர். அம்மம்மாமாரிடம் கேட்டால் எந்தப் பற்றையில் எது நிற்கிறதென்று சொல்லிவிடுவார்கள் என்பது அவர்களது நம்பிக்கை. சென்ற சித்திரை மழைக்கு இராசவள்ளி நட்டவர்கள் தைமாதம் வரை பொறுத்திருக்க வேண்டும். அதன் ஊதாநிறக் கிழங்கைத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டுக் களி கிண்டும் முறையைக் கிழங்கு வெளிப்படும் வாரத்தில் எழுதுவோம்.